துணிச்சலைப் பாராட்டுவோர் செய்ய வேண்டியவை: எதிர்பாலீர்ப்பு கொண்ட தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோழர்களே,

தன்பாலீர்ப்பு (தன் பாலினத்தவர் மீதே ஈர்ப்பு) கொண்ட நண்பரோ, தங்கையோ, கூட வேலை பார்ப்பவரோ அதை நம்மிடம் மனம் திறந்து சொல்லும்போது "உனக்கு எவ்வளவு துணிச்சல்!" என்கிறோம். மனதாரத்தான் சொல்கிறோம். ஆனால் அந்தத் துணிச்சலுக்கு அவர் கொடுக்கும் விலை நம்மில் பலருக்குத் தெரியாது. அந்த விலையில் ஒரு பங்கைக் கூட்டுவதும் நாமேதான்.

வெளியே சொல்வது ஒரே நாளில் முடிகிற காரியமில்லை. வீட்டில் சொல்லிவிட்டவர் புது வேலையில் மறுபடி யோசிக்க வேண்டும். வாடகைக்கு வீடு பார்க்கும்போது, மருத்துவர் முன் உட்காரும்போது, "லீவுக்கு யார்கூடப் போனீங்க?" என்று பக்கத்து இருக்கைக்காரர் சாதாரணமாகக் கேட்கும்போது, ஓரிரு நொடியில் கணக்குப் போட்டாக வேண்டும்: சொன்னால் யார் காதுக்குப் போகும், வேலை நிலைக்குமா, வீடு நிலைக்குமா? 'நாங்க' என்று சொல்ல வந்தவர் 'நான்' என்று மாற்றிக்கொள்வதைக் கவனித்தால் அந்தக் கணக்கு நடப்பது தெரியும். 60க்கும் மேற்பட்ட நாடுகளில் தன்பாலுறவு இன்றும் சட்டப்படி குற்றம்; சில நாடுகளில் மரண தண்டனைகூட உண்டு. மேசையில் கணவன் படத்தையோ மனைவி படத்தையோ வைக்கும்போது நமக்கு இப்படி எந்தக் கணக்கும் இல்லை.

முகம் காட்டாமல் சொல்வதும் துணிச்சல்தான். 1972 மே மாதம் டல்லாஸில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. ரப்பர் முகமூடி, பொய் முடி, அளவுக்கு மீறித் தொளதொளத்த உடை, குரலை மாற்றும் ஒலிவாங்கி, இவற்றோடு ஒருவர் மேடையேறினார். "நான் தன்பாலீர்ப்பாளன், நானும் ஒரு மனநல மருத்துவன்" என்றார். அவர் ஜான் ஃப்ரையர். தன்பாலீர்ப்பாளர் என்பதற்காகவே முன்பு பயிற்சி இடத்தை இழந்தவர். அடுத்த ஆண்டு டிசம்பரில் அந்தச் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. அன்று பேசியது தாம்தான் என்று அவர் பொதுவெளியில் சொன்னதோ 1994இல்தான். ஆகவே, இன்னும் சொல்லாதவரைக் கோழையாக எண்ணாதீர்கள், "எப்போதான் சொல்லப்போற?" என்று நெருக்காதீர்கள்.

உங்களிடம் ஒருவர் சொன்னால் முதலில் நன்றி சொல்லுங்கள். "எனக்கு முன்னாடியே தெரியும்" வேண்டாம். இத்தனை நாள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறதோ என்ற பயத்தைத்தான் அது கிளப்பும். அடுத்து இரண்டு கேள்விகள் கேளுங்கள்: வேறு யாருக்கெல்லாம் தெரியும்? மற்றவர்கள் முன்னால் உன் துணையை எப்படிக் குறிப்பிடட்டும்? பதிலை நினைவில் வையுங்கள், வாட்ஸ்அப்பில் எழுத வேண்டாம். பூட்டிய திரையிலும் செய்தியின் முதல் வரி தெரியலாம். போன் வீட்டில் யார் கையில் இருக்கிறதோ, யார் கண்டார்கள்? இணையத்தில் அவர் பெயரைச் சேர்த்து வாழ்த்துப் போடுவதும் அப்படித்தான். பாராட்டு என்று நினைத்துச் செய்வது, அவர் சொல்லாத நூறு பேரிடம் நாமே போய்ச் சொன்னதாகிவிடும்.

பெற்றோரிடம் சொல்லப் போகிறேன் என்று அவர் சொன்னால் "பேசு, எல்லாம் சரியாகிவிடும்" என்று அனுப்பிவிடாதீர்கள். வீட்டை விட்டுப் போகச் சொன்னால் அன்றிரவு எங்கே தங்குவார்? சான்றிதழ்கள், அடையாள அட்டைகளின் நகல் வெளியே ஓரிடத்தில் இருக்கிறதா? அவர் பெயரில் மட்டும் உள்ள கணக்கில் ஒரு மாதச் செலவுக்காவது பணம் உண்டா? இவற்றுக்குப் பதில் இல்லையென்றால் தள்ளிப்போடுவதே நல்லது. தேர்வு நேரம், விசேஷ நாள், சண்டைக்கு நடுவே ஆகிய மூன்றும் மோசமான வேளைகள். அன்று உங்கள் போனில் சார்ஜ் இருக்கட்டும், உங்கள் வீட்டில் ஒரு படுக்கை தயாராக இருக்கட்டும்.

'குணப்படுத்த' அழைத்துப் போவோம் என்று குடும்பம் கிளம்பினால், சொல்ல வேண்டியதைத் தெளிவாகச் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்றே தன்பாலீர்ப்பை நோய் வகைப்பாட்டிலிருந்து எடுத்துவிட்டது. மாற்றும் சிகிச்சை என்பது பலன் தராது, மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் கூட்டும்.

அலுவலகத்தில் யாராவது கேலி பேசினால் பதில் சொல்வது நம் வேலை. அப்போது உங்களிடம் மனம் திறந்தவர் பக்கம் திரும்பிப் பார்த்துவிடாதீர்கள். பலரைக் காட்டிக்கொடுப்பது அந்த ஒரு பார்வைதான். "இதில் சிரிக்க என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தால் போதும். நீண்ட உரை நிகழ்த்தினால் 'இவருக்கு ஏன் இவ்வளவு அக்கறை, யாருக்காக?' என்று தேட ஆரம்பிப்பார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் ரகசியம் நம் வாய் தவறி வெளியே வந்துவிடலாம். அப்படி நேர்ந்தால் மறைக்காமல் அன்றே அவரிடம் சொல்லுங்கள்: யாரிடம், என்ன வார்த்தையில், வேறு யார் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று. மன்னிப்பை இரண்டு வாக்கியத்தில் முடியுங்கள். அழுது அவரையே ஆறுதல் சொல்ல வைக்காதீர்கள். அடுத்து யாரிடம் பேசுவது, எங்கே தங்குவது என்று முடிவெடுக்க அவருக்கு அந்த நேரம் தேவைப்படும்.

தோழமையுடன்,
துணை நிற்கும் சிலர்