கடவுச்சொல் நிரல்: ஞாயிறுக்கு முன் பார்த்துவிடுங்கள்

அனைவருக்கும் வணக்கம். உடனடிச் செய்தி அனுப்புவதற்கான எக்ஸ்எம்பிபி நெறிமுறைக்கு நாம் எழுதும் லைப்ரரியின் கடவுச்சொல் பகுதியைத் திருத்தி, தனிக் கிளையாக நேற்று இரவு ஏற்றிவிட்டேன். சேர்ப்பதற்கு முன் இரண்டு பேராவது படித்துச் சொல்லுங்கள்.

ஸ்க்ராம் என்ற உள்நுழைவு முறையில் கடவுச்சொல் சர்வருக்குப் போவதில்லை. அது நமக்குத் தெரியும் என்பதற்கான சான்றுதான் போகும். பதிலுக்குச் சர்வரும் தன் கையொப்பத்தைக் காட்ட வேண்டும். நம் பழைய நிரல் அதை வாங்கிவைத்துக்கொண்டு சரிபார்க்காமலே விட்டிருந்தது. முகப்பில் நிற்பவர் யாரென்று கேட்காமல் இரண்டாம் கட்டு வரை அழைத்துப்போவது போலத்தான். இதைக் கண்டதும் எனக்குத் தூக்கமே போய்விட்டது. இனி கையொப்பம் பொருந்தாவிட்டால் இணைப்பு அறுந்துவிடும்.

சர்வர் சொல்லும் சுழற்சி எண்ணிக்கை, அதாவது கடவுச்சொல்லை வைத்துத் திரும்பத் திரும்பக் கணக்கிடும் தடவைகள், 4096-க்குக் குறைந்தாலும் மறுக்கிறோம். ஷா-256 என்ற ஹாஷ் கணக்கீட்டைப் பயன்படுத்தும் ஸ்க்ராமுக்காக 2015-இல் வந்த ஆர்எஃப்சி 7677 என்ற இணையத் தர ஆவணம் பரிந்துரைக்கும் கீழ்வரம்பு அது. 2011-லேயே கைவிடப்பட்ட டைஜஸ்ட்-எம்டி5 என்ற பழைய உள்நுழைவு முறையை எடுத்துவிட்டேன்.

அப்புறம், தமிழ்க் கடவுச்சொற்கள். 'கொ' என்பதில் வரும் கொம்பையும் காலையும் யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், பைட்டுகள் வேறு. எழுத்துகளைச் சீராக்கும் சாஸ்ல்பிரெப் விதிகள் வழியாக இரண்டையும் ஒன்றாக்கிய பிறகே கணக்கிட வேண்டும். வேறு விசைப்பலகை வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் சோதியுங்கள். நாம் கவனிக்காவிட்டால் வேறு யார் கவனிப்பார்கள்?

ஞாயிறு காலை 10 மணிக்குக் காரைக்குடியில் வழக்கமான இடத்தில் கூடுவோம். மடிக்கணினியோடு சார்ஜரும் கொண்டுவாருங்கள்.