அந்தக் கதையை வெளியிட்டவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அறிவியல் புனைகதைக்காக ஒரு தமிழ் நாளிதழ் முழுப்பக்கம் ஒதுக்கியது மனதுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அவருடைய முதல் மிகுபுனைவு (ஃபேன்டஸி) கதை 1962இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் 'வெளியானது' என்று இருந்தது. மழை பெய்யும், பூ மலரும். கதை தானாக வெளியாகாது. ஒருவர் உட்கார்ந்து படித்து, இது வரட்டும் என்று முடிவு செய்து வெளியிட வேண்டும். அந்த முடிவைச் செய்தவர் சீல் கோல்ட்ஸ்மித் என்ற பெண்மணி. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அவர் பெயர் தமிழ் அச்சில் ஒருமுறையாவது வரவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அந்தப் பெயரை எனக்குக் காட்டியவர் என் அண்ணன். பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். மாதம் ஒருமுறை ரயிலில் பாலக்கோடு வந்து இறங்கும்போது, அவென்யூ ரோடு நடைபாதையில் வாங்கிய பழைய இங்கிலீஷ் பத்திரிகைகள் பையில் இருக்கும். அதில் அமெரிக்கக் கதைப் பத்திரிகைகள் இரண்டு இன்னும் என்னிடம் உள்ளன. ஒன்று 1964 ஏப்ரல் மாத ஃபென்டாஸ்டிக், மற்றது அதே ஆண்டு செப்டம்பர் மாத அமேஸிங். அட்டை போய்விட்டது. தாள் பழுத்த புகையிலை நிறத்துக்கு வந்து, புரட்டினால் ஓரம் உதிர்கிறது. முதலாவதில் ஆசிரியர் சீல் கோல்ட்ஸ்மித் என்று இருக்கும். இரண்டாவதில் சீல் ஜி. லாலி. ஐந்து மாதத்தில் ஆளை மாற்றிவிட்டார்கள் என்றே பல வருடம் நினைத்திருந்தேன். இருவரும் ஒருவரே, அந்த ஆண்டு அவருக்குத் திருமணமாகிக் கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்டார் என்பது பின்னால்தான் தெரிந்தது. இரண்டு இதழிலும் லெ குவின் கதை இருக்கிறது. ஏப்ரல் கதை, லெ குவின் கற்பனையில் உருவாக்கிய எர்த்சீ தீவுகளில் நடப்பது. அந்தத் தீவுகள் நாவலாகப் புத்தகக் கடைக்கு வந்தது 1968இல். நான்கு ஆண்டு முன்பே அவற்றை அச்சில் ஏற்றியவர் இந்த அம்மா.

1933இல் பிறந்தவர். 1955இல் கல்லூரி முடித்த கையோடு ஸிஃப்-டேவிஸ் பதிப்பகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். அறிவியல் புனைகதையில் பெரிய பழக்கம் எதுவும் அதற்கு முன் இல்லை. 1958 டிசம்பர் இதழிலிருந்து அமேஸிங், ஃபென்டாஸ்டிக் இரண்டுக்கும் அவரே ஆசிரியர். வயது இருபத்தைந்து. அமேஸிங் சாதாரணப் பத்திரிகை அல்ல. 1926இல் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் தொடங்கியது. அறிவியல் புனைகதைக்கென்றே ஆங்கிலத்தில் வந்த முதல் மாத இதழ். ஆனால் இவர் கைக்கு வந்தபோது பழைய பெயர்தான் மிச்சம். வழக்கமான நாலைந்து பேர் கணக்குக்கு எழுதித் தள்ளிய கதைகளால் பக்கம் நிரம்பிக்கொண்டிருந்தது.

அந்த நிலையில் அவர் செய்தது ஒன்றுதான். யாரும் கேட்காமல் தபாலில் வந்து குவியும் கதைகளைப் பிரித்துப் படித்தார். எங்கள் பாலக்கோடு தக்காளி மண்டியில் இரண்டு வகை வியாபாரிகளைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் பெட்டியின் மேலே இருப்பதைப் பார்த்து விலை சொல்லிவிடுவார். இன்னொருவர் அடிவரை கையை விட்டு ஒரு பழம் எடுத்து அழுத்திப் பார்ப்பார். சீல் கோல்ட்ஸ்மித் இரண்டாவது வகை. அதன் பலனை 1962 ஃபென்டாஸ்டிக்கில் அடுத்தடுத்த மூன்று இதழ்களில் பார்க்கலாம். ஆகஸ்டில் ரோஜர் ஜெலாஸ்னி, செப்டம்பரில் லெ குவின், அக்டோபரில் தாமஸ் டிஷ். மூவரும் அந்தத் துறைக்கே புதியவர்கள். மூவரும் பின்னால் தூண்களானார்கள். ஜெலாஸ்னி அப்போது சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் ஓர் அரசு ஊழியர். லெ குவின் அப்போது இரண்டு குழந்தைகளுக்குத் தாய். பத்து வருடத்துக்கு மேலாக எழுதி எழுதி அனுப்பித் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்தவர். அவர் பணம் பெற்ற முதல் கதையே இதுதான். பாரிஸில் ஒரு மாடி அறையில் தனியாக இருக்கும் பேராசிரியரை, அதே அறையில் பல நூற்றாண்டு முன்பு இருந்த ஒருவர் மந்திரத்தால் இழுத்துவிடும் கதை. அறிவியலா என்றால் இல்லை, சரித்திரமா என்றால் அதுவும் இல்லை. எந்தப் பெட்டியிலும் அடங்காத இப்படிப்பட்ட கதையைத்தான் ஆசிரியர்கள் பலர் திருப்பி அனுப்புவார்கள். இவர் வைத்துக்கொண்டார்.

புதியவர்களோடு நின்றுவிடவில்லை. ஃப்ரிட்ஸ் லைபர் என்ற மூத்த எழுத்தாளர் கொஞ்ச காலம் எழுதாமல் இருந்துவிட்டு மீண்டும் எழுத வந்தபோது, அவர் கதைகளைச் சேர்த்து வைத்து, 1959 நவம்பர் ஃபென்டாஸ்டிக் இதழின் கதைகள் முழுவதையும் அவருக்கே கொடுத்தார். ஒரு மாத இதழை ஒரே ஆளுக்குக் கொடுப்பது எவ்வளவு துணிச்சல் என்பது பத்திரிகை நடத்தும் உங்களுக்குத் தெரியும். 1962இல் சிகாகோவில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் இந்த இரண்டு இதழ்களின் ஆசிரியப் பணிக்காக அவருக்குச் சிறப்பு விருது கொடுத்தார்கள்.

விருது வந்தது, விற்பனை வரவில்லை. 1965இல் இரண்டு இதழ்களையும் நிறுவனம் விற்றுவிட்டது. வாங்கியவர் பெரும்பாலும் பழைய கதைகளையே மறுபடி அச்சிட்டுப் பக்கம் நிரப்பினார். சீல் லாலி அதே நிறுவனத்திலேயே மணப்பெண்களுக்கான ஓர் இதழுக்குப் போனார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்து தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றார். 2002 ஜனவரியில் கார் விபத்தில் இறந்துபோனார். அந்தப் பிற்பகுதியை இறக்கம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணுக்கு என்ன தெரியவேண்டும் என்று யோசிப்பதும் ஆசிரியர் வேலைதான். இழப்பு கதை உலகத்துக்கு. ஆறரை ஆண்டில் இத்தனை பேரைக் கண்டெடுத்தவர் இன்னும் இருபது ஆண்டு அந்த நாற்காலியில் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

தருமபுரிக்காரர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல ஒரு காரணமும் உண்டு. அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையைச் சொல்லாமல் எங்கள் ஊரில் ஒரு மேடைப் பேச்சும் முடியாது. அந்தக் கனி நமக்குக் கிடைத்தது புறநானூற்றில் ஔவை பாடிய பாட்டால். நானூறு பாட்டைத் தேர்ந்து அடுக்கி வைத்தவர் யார்? தெரியாது. குறுந்தொகைக்குப் பூரிக்கோ என்ற பெயராவது இருக்கிறது, புறநானூற்றைத் தொகுத்தவருக்கு அதுவும் இல்லை. அவர் அந்த ஓலையை ஒதுக்கியிருந்தால் தகடூரின் பெருமையில் பாதி இன்றைக்கு இல்லை. அந்தப் பெயர் தொலைந்தது தொலைந்ததுதான். தெரிந்த பெயரையும் நாமே ஏன் தொலைக்க வேண்டும்?

என் சொந்த அனுபவம் ஒன்றையும் எழுதிவிடுகிறேன். பென்னாகரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தபோது, பிள்ளைகளுக்காக ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினேன். அறிவியல் கதை மட்டும்தான் என்பது விதி. கோடு போட்ட முழுத்தாள், இரண்டு மாதத்துக்கு ஒரு பிரதி, வகுப்பு வகுப்பாகச் சுற்றி வரும். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவரின் மகன் ஒன்பதாம் வகுப்பில் ஒரு கதை கொடுத்தான். முதல் மூன்று பக்கம் காவிரி குடகில் பிறப்பதிலிருந்து பாடப்புத்தகம். நாலாம் பக்கத்தில், 'அப்பா துடுப்பை வெளியே எடுத்துப் பார்த்தபோது பரிசலுக்கு அடியில் தண்ணீர் இல்லை' என்று ஒரு வரி. அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, 'இங்கிருந்து தொடங்குடா' என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலை பிரேயருக்கு முன்பே புதிதாக எழுதிக்கொண்டு வந்து நின்றான். அந்தக் கோடு போட எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அதே வருடம் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கொடுத்த கதையை, தேர்வு வேலை மும்முரத்தில் பீரோவில் வைத்தவள் மறந்துவிட்டேன். வறட்சிக் காலத்தில் ஒரு கிணறு. வாளி விட்டால் போன வருடத்துத் தண்ணீர் வரும், அதில் போன வருடம் செத்துப்போன பாட்டியின் முகம் தெரியும். அதை நான் எடுத்துப் படித்தது கோடை விடுமுறையில். அதற்குள் அவள் குடும்பம் பிழைப்புக்காக ஓசூர் பக்கம் போய்விட்டிருந்தது. விசாரித்தேன், விலாசம் கிடைக்கவில்லை. நான் வாசித்த மாணவர் கதைகளில் அதுதான் சிறந்தது. அவளுக்கு அது தெரியாது. 'டீச்சருக்குப் பிடிக்கவில்லை போல' என்றுதான் நினைத்துக்கொண்டு போயிருப்பாள். அந்தத் தாள் இன்னும் அண்ணன் கொடுத்த பத்திரிகைகளோடுதான் இருக்கிறது.

ஆகவே இரண்டு வேண்டுகோள். வரும் ஞாயிறு இணைப்பில், அந்தக் கட்டுரைக்கு ஒரு பிற்சேர்க்கையாகவாவது சீல் கோல்ட்ஸ்மித் லாலியின் பெயரையும் பணியையும் வெளியிடுங்கள். இரண்டாவது, உங்கள் இணைப்புக்கு ஊர் ஊராக வந்து சேரும் கதைகளைப் பற்றியது. அறிவியல் கதைகளும் வரும் என்று நம்புகிறேன். அவற்றைப் படித்து, வேண்டாம் என்றாலும் ஏன் வேண்டாம் என்று இரண்டு வரி எழுதி அனுப்ப ஒருவரை நியமியுங்கள், அவர் பெயரையும் இணைப்பில் போடுங்கள். ஒரு காலத்தில் கதையோடு தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறையும் வைத்து அனுப்புவோம். உறை திரும்பி வரும், உள்ளே அச்சடித்த ஒரு வருத்தச் சீட்டு மட்டும் இருக்கும். இப்போது மின்னஞ்சலில் அந்தச் சீட்டும் வருவதில்லை. ஆள் பற்றாக்குறை என்றால், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறோம். மாதம் ஐம்பது கதை வரை நான் படித்துக் கைப்படக் குறிப்பு எழுதித் தருகிறேன். சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.