மதிக்கு: எக்ஸீட்டில் நீ நின்றது சரிதான்

அன்புள்ள மதி,

தென் இங்கிலாந்தின் பீச்சி ஹெட் மாரத்தானை முடிக்காமல் நீ எக்ஸீட் என்ற இடத்தில் நின்றதைப் பற்றி நம் ஓட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒருவர், "இன்னும் எட்டு மைல்தானே, மெதுவா நடந்தாவது முடிச்சிருக்கலாமே" என்று எழுதியிருந்தார். நீ பதில் போடவில்லை. அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை ஓட்டத்துக்கும் வரவில்லை. எழுதியவருக்கு உன்மேல் கோபம் எதுவும் கிடையாது, அக்கறையில்தான் எழுதினார். ஆனால் அந்த யோசனை ஆபத்தானது. குன்றின் மேல், மழையில், தொப்பலாக நனைந்து நிற்கிற ஒருத்தரிடம் "நடந்தாவது போ" என்று சொல்லவே கூடாது. ஏன் கூடாது என்பதை விவரமாக எழுத நினைத்தேன். உன்னிடம் கேட்டேன், சரி என்றாய். அதனால் எல்லோரும் படிக்கிற இடத்திலேயே எழுதுகிறேன். அடுத்த அக்டோபரில் பீச்சி ஹெட் மாரத்தானுக்குப் பேர் கொடுக்க நினைக்கிற நம்மவர்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும்.

மெரினாவை ஒட்டி ஓடிப் பழகிய கால்கள் உனக்கு. அங்கே எதிரி வெயில். தலை சுற்றினால் நிழலுக்குப் போ, மோர் குடி, தலையில் தண்ணீர் ஊற்று என்று சின்ன வயதிலிருந்தே நமக்குத் தெரியும். குளிர் எப்படி ஆளைச் சாய்க்கும் என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை. நீ அன்று அதை உன் உடம்பிலிருந்தே தெரிந்துகொண்டு, சரியான இடத்தில் கையைத் தூக்கினாய். எனக்கு அதில் பெருமைதான்.

பாதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். தூரம் வழக்கமான 42.2 கிலோமீட்டர்தான். ஆனால் ஈஸ்ட்போர்னின் மேற்கு ஓரத்தில் தெரு முடிகிற இடத்தில் கிளம்பினால், எதிரே உடனே செங்குத்தான புல்மேடு. கையை முட்டியில் ஊன்றி நடந்துதான் பெரும்பாலோர் அதை ஏறுகிறார்கள். அப்புறம் சவுத் டவுன்ஸ் குன்றுகளின் முதுகில் ஏறி இறங்கி, ஜெவிங்டன், ஆல்ஃபிரிஸ்டன் கிராமங்களைத் தொட்டு, ஃபிரிஸ்டன் காட்டுக்குள் நுழைந்து, படிகளில் ஏறி இறங்கி, கக்மியர் ஆற்றுப் பக்கம் எக்ஸீட்டுக்கு வர வேண்டும். கடினமான பகுதி அதற்குப் பிறகுதான் இருக்கிறது: கடலோரத்து வெள்ளைப் பாறைகளின் தலைமேல் வரிசையாக நிற்கும் செவன் சிஸ்டர்ஸ் மேடுகள், பர்லிங் கேப், கடைசியாக 162 மீட்டர் உயரத்தில் பீச்சி ஹெட். புல், சேறு, காட்டுப் பாதை, படி, தார் ரோடு என்று காலடி மாறிக்கொண்டே இருக்கும்.

அந்தக் குன்றுகள் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, இடையிடையே சிக்கிமுக்கிக் கற்கள். காய்ந்திருந்தால் அருமையான பாதை. மழை பெய்தால் மேல் படலம் கரைந்து வெண்ணிறக் கூழாகிவிடும். ஆல்ஃபிரிஸ்டனுக்கு இறங்குகிற சரிவில் உன் ஷூவின் பற்கள் முழுக்க அது அப்பிக்கொண்டு, அடிப்பாகம் வழவழவென்று ஆகிவிட்டதே, நினைவிருக்கிறதா? ஒவ்வொரு வேலிக் கதவிலும் நின்று கம்பியில் தேய்த்துத் தேய்த்துப் போனாய். பலர் அதைக்கூடச் செய்யாமல் சறுக்கி விழுந்தார்கள். இறக்கத்தில் உடம்பைப் பின்னால் சாய்த்துக் குதிகாலை ஊன்றினால் வழுக்கத்தான் செய்யும். அடியைக் குறுக்கி, கையை விரித்து, பாதம் உடம்புக்கு நேர் கீழே விழுகிற மாதிரி இறங்க வேண்டும். அதை நீ நன்றாகவே செய்தாய்.

காற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இங்கே மழையோடு வருவது பெரும்பாலும் தென்மேற்குக் காற்று. ஈஸ்ட்போர்னிலிருந்து ஆல்ஃபிரிஸ்டன்வரை நாம் மேற்கு நோக்கித்தான் போகிறோம். அதாவது தெம்பு இருக்கிற முதல் பாதி முழுக்க எதிர்காற்றுக்கே செலவாகிவிடுகிறது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. நின்ற காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதன்மேல் காற்றும் வீசினால் உடம்பு தயாரிக்கிற சூடு அப்படியே பறந்துவிடும்.

ஆனாலும் முதல் பதினைந்து மைல் பெரும்பாலோருக்குக் குளிராது. ஓடும்போது தசைகள் எரிக்கிற சக்தியில் பெரும்பகுதி சூடாகத்தான் வெளிவருகிறது. அந்த அடுப்பு எரிகிறவரைக்கும் நனைந்த சட்டை ஒரு பொருட்டே இல்லை. தசையிலும் ஈரலிலும் சேர்த்துவைத்த சர்க்கரை தீரத் தீர வேகம் குறையும். மேட்டில் ஓட்டம் நடையாகும். நடை வந்ததும் சூடு தயாராவது சட்டென்று இறங்கிவிடும், இழப்பு மட்டும் அதே அளவில் தொடரும். உடம்பு நடுங்கித் தன்னைச் சூடாக்கப் பார்க்கும், அந்த நடுக்கத்துக்கும் அதே சர்க்கரைதான் வேண்டும். உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அதைத் தாழ்வெப்பநிலை என்கிறார்கள் மருத்துவர்கள். விரல் பேச்சுக் கேட்காது, நாக்கு குழறும், கால் தடுமாறும், கடைசியில் புத்தியும் மங்கும். நடுக்கம் நின்றுபோனால் நிலைமை தேறிவிட்டது என்று நினைக்கக் கூடாது. உடம்பு கைவிட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

இப்போது அந்த வாட்ஸ்அப் வரியை மறுபடி படித்துப் பார். "மெதுவா நடந்தாவது." நனைந்து நடுங்குகிற ஒருத்தி, மரமோ சுவரோ இல்லாத பாறை முனையில் இரண்டரை மணி நேரம் மெதுவாக நடக்க வேண்டுமாம். உன்னால் ஓட முடிந்திருந்தால் தொடர்ந்து போவதைப் பற்றிப் பேசியிருக்கலாம். நடக்க மட்டும்தான் முடியும் என்கிற நிலை வந்ததே நிற்பதற்கான காரணம்.

லிட்லிங்டன் கிராமத்தைத் தாண்டி உன்னோடு சேர்ந்துகொண்டபோதே நான் உன் கையைக் கவனித்தேன். சர்க்கரைக் கூழ் அடைத்த ஜெல் பாக்கெட்டின் முனையைக் கிழிக்க விரலால் பார்த்தாய், முடியவில்லை. பல்லால் கடித்தாய், அதுவும் நழுவியது. கட்டைவிரல் நகத்தடி நீலமாக இருந்தது. நான் கிழித்துக் கொடுத்ததும் அதைப் பிதுக்கத் தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாய். காட்டுக்குள் காற்றில்லாததால் பேச்சுத் தெளிவாக இருந்தது. எக்ஸீட்டில் இறங்கி வெட்டவெளிக்கு வந்ததும், "அக்கா, எனக்கு ஜிப்பைப் போட முடியலை. நான் நிக்கிறேன்" என்றாய். அங்கிருந்த தன்னார்வலரிடம் நேராகப் போய் உன் எண்ணைச் சொன்னாய். அவர் வெள்ளித்தாள் போர்வையைச் சுற்றிவிட்டு, உன் ஈரத் தொப்பியை எடுத்துவிட்டுத் தன்னுடைய கம்பளித் தொப்பியை மாட்டினார். "நீ போ அக்கா" என்று நீ சொன்னபோது உன் புத்தி முழுசாகத் தெளிவாக இருந்தது. இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் அந்த முடிவை எடுக்கிற நிதானம் உனக்கு இருந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

அதற்கப்புறம் என்ன இருந்தது என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். முதல் மேடு ஹேவன் பிரௌ, 77 மீட்டர். ஏறி உச்சிக்கு வந்ததும் வலப்பக்கம் கடலிலிருந்து காற்று அறைந்தது. மழை மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் வந்தது. கடல் காற்று ஆளை நிலத்துப் பக்கம் தள்ளும், அது ஒரு நல்லது. காற்று வடக்கிலிருந்து வீசும் நாளில் பாறை விளிம்பை நோக்கியல்லவா தள்ளும்! அந்த விளிம்பும் நம்பத் தகுந்ததில்லை. கடல் அரித்துக்கொண்டே வருவதால் பெல் டூட் கலங்கரை விளக்கத்தையே 1999-ல் முழுக் கட்டடமாக 17 மீட்டர் உள்ளே நகர்த்த வேண்டியிருந்தது. ஒரு மேடு இறங்கினால் அடுத்த மேடு. நடுவில் வண்டி வர ரோடு இல்லை. எக்ஸீட்டை விட்டால் அடுத்த ரோடு பர்லிங் கேப்பில்தான். ரோடு இருக்கிற இடத்தில் நின்றாயே, அதைத்தான் சொல்கிறேன்.

இதெல்லாம் மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்கள் 2021 மே 22 அன்று சீனாவில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். கான்சு மாகாணத்தில், மஞ்சள் ஆற்றுக் கற்காட்டுப் பகுதியில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டம். 172 பேர் கிளம்பினார்கள், பெரும்பாலோர் அரைக்கால் சட்டையில். மதியவாக்கில் ஆலங்கட்டி, உறைகுளிர் மழை, சூறைக்காற்று. வண்டியே போக முடியாத ஒரு நீண்ட ஏற்றத்தில் அது அவர்களைப் பிடித்தது. 21 பேர் செத்துப்போனார்கள். லியாங் ஜிங் அவர்களில் ஒருவர், சீனாவின் தலைசிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர். மனவுறுதியோ பயிற்சியோ குறைந்தவர் என்று அவரை யாராவது சொல்ல முடியுமா? காற்றுத் தடுக்கும் ஜாக்கெட் அந்தப் போட்டியில் பரிந்துரைதான், கட்டாயமில்லை. ஜு கெமிங் என்ற ஆட்டிடையர் ஒருவர், தான் ஒதுங்கியிருந்த குகைக்கு ஆறு பேரைக் கொண்டுபோய், தீ மூட்டிக் காப்பாற்றினார்.

அதோடு 2008 அக்டோபரில் இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டில் நடந்ததையும் வைத்துப் பார். போரோடேலில் ஒரிஜினல் மவுண்டன் மாரத்தான். 1968-லிருந்து நடக்கிற, இரண்டிரண்டு பேராக இரண்டு நாள் ஓடுகிற போட்டி. சனிக்கிழமையே வெள்ளம் புகுந்து போட்டியை நிறுத்தினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் மலையில். அன்றிரவு தொலைக்காட்சிகளில் நூற்றுக்கணக்கானோரைக் காணவில்லை என்று ஒரே பரபரப்பு. மறுநாள் எல்லோரும் உயிரோடு இறங்கி வந்தார்கள். அந்தப் போட்டியின் விதிப்படி ஒவ்வொரு ஜோடியும் கூடாரம், தூக்கப்பை, அடுப்பு, சாப்பாடு எல்லாவற்றையும் முதுகில் சுமந்தே ஓட வேண்டும். வெள்ளம் வந்ததும் பலர் மேட்டில் கூடாரம் போட்டுப் படுத்துக்கொண்டார்கள், பலர் கீழே ஹானிஸ்டர் கற்சுரங்கத்தில் ஒதுங்கினார்கள். இரண்டு மலைகளும் வேறு, குளிரும் வேறு, ஒப்பிடுவதில் எனக்கும் தயக்கம் உண்டு. ஆனாலும் முதுகில் இருந்த பைக்கும், நிற்கத் தெரிந்த புத்திக்கும் அன்று பெரிய பங்கு இருந்தது என்றுதான் நான் நம்புகிறேன்.

பீச்சி ஹெட் அந்த அளவுக்கு உயரமோ ஒதுக்குப்புறமோ கிடையாது, பயப்பட வேண்டாம். தயாராகப் போனால் போதும். ஜாக்கெட் பையின் அடியில் இருக்கக் கூடாது, மேலேயே இருக்க வேண்டும். குளிர ஆரம்பித்த பிறகு போடலாம் என்று காத்திருக்காதே. உச்சிக்குப் போவதற்கு முன்னாலேயே, காற்று மறைவில், விரல் வேலை செய்யும்போதே போட்டுவிடு. தையலில் தண்ணீர் இறங்காத ஜாக்கெட்டாகப் பார்த்து வாங்கு. காற்றை மட்டும் தடுக்கும் மெல்லிசு ரகம் ஒரு மணி நேர மழைக்குத் தாங்காது. கையுறை இரண்டு ஜோடி, ஒன்று பிளாஸ்டிக் உறையில் காய்ந்தபடி. ஜெல் பாக்கெட்டுகளின் முனையை வீட்டிலேயே லேசாக வெட்டிவைக்கலாம், அல்லது கொட்டை நீக்கிய பேரீச்சம்பழமே போதும், கை மரத்தாலும் எடுத்து வாயில் போட்டுக்கொள்ள முடியும். பசிக்கிறதோ இல்லையோ, சாப்பிட்டுக்கொண்டே இரு. சாப்பாடுதான் சூடு. கடிகாரத்தில் மைலுக்கு இத்தனை நிமிடம் என்று பார்ப்பதை மட்டும் விட்டுவிடு. சேற்று மேட்டில் அந்தக் கணக்கு எதையும் சொல்லாது, மேட்டில் ஓடவைத்துச் சர்க்கரையைச் சீக்கிரம் தீர்த்துவிடும், அவ்வளவுதான். மூச்சு வாங்காமல் ஒரு வாக்கியம் பேச முடிகிறதா என்று மட்டும் பார்.

குழுவில் உனக்காக நானே பதில் எழுதிவிட்டேன். இந்தக் கடிதத்தின் சுட்டியைத்தான் போடப்போகிறேன். அவர் படித்துவிட்டு உன்னோடு பேசுவார், எனக்குத் தெரியும்.

வருகிற ஞாயிறு காலை பாக்ஸ் ஹில் போகலாம். டார்கிங் வரைக்கும் ரயில், அங்கிருந்து நடந்தால் மோல் ஆற்றின் படிக்கற்கள், அதைத் தாண்டினால் நேரே ஏற்றம். அதுவும் சுண்ணாம்புக் குன்றுதான், அதே வழுக்கல். மழை வரும் என்று வானிலை சொல்கிறது. வரட்டும், புது ஜாக்கெட்டில் தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று பார்த்துவிடலாம். ஈரக் கையுறையோடு ஜிப் போடுவதையும் பழகலாம். மாற்றுத் துணி ஒரு செட் தனியாகக் கட்டிக்கொண்டு வா. சுக்குக் காபி ஃபிளாஸ்க்கில் நான் கொண்டு வருகிறேன். கிளாப்பம் ஜங்ஷனில் 7:30-க்கு நிற்பேன், லேட் பண்ணாதே.

அன்புடன்,
அக்கா