துவைக்கும் முன் கொடியைப் பார்

அன்பு மகனுக்கு,

நேற்றுப் பேசும்போது, துவைத்து மடித்து வைத்த துண்டிலும் மக்கல் வாடை அடிக்கிறது என்று முதலில் சொன்னாய். பேச்சின் கடைசியில், கட்டிலுக்குப் பின்னால் சுவர் மூலையில் கரும்புள்ளிகள் தெரிகின்றன என்றாய். இரண்டையும் நீ தனித்தனிக் குறைகளாகச் சொன்னாய். இரவு படுத்த பிறகுதான் இரண்டுக்கும் வேர் ஒன்றே என்று எனக்குப் பட்டது. தொலைபேசியில் சொன்னால் பாதி நினைவில் தங்காது என்பதால் எழுதுகிறேன்.

வாரம் முழுவதும் சேர்ந்த துணியை ஞாயிற்றுக்கிழமை ஒரே தடவையாக எந்திரத்தில் போட்டு, அவ்வளவையும் படுக்கையறைக்குள் ஸ்டாண்டில் உலர்த்துவதாகச் சொன்னாயே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. எந்திரம் 7 கிலோ கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் சிறிய வீட்டில் எவ்வளவு துவைக்கலாம் என்பதை முடிவு செய்ய வேண்டியது கொடியில் இருக்கும் இடம். 5 கிலோ பருத்தித் துணியை எந்திரம் நன்றாகப் பிழிந்து தந்தாலும், அதில் ஏறக்குறைய 2.5 லிட்டர் தண்ணீர் மீதி இருக்கும். உன் அறை 10 அடிக்கு 12 அடி, உயரமும் 10 அடி என்று வைத்துக்கொள். 25 டிகிரி வெப்பத்தில் அந்த அறையின் காற்று முழுவதும் சேர்ந்து தாங்கக்கூடிய ஈரம், ஒரு துளி ஈரமும் இல்லாத நிலையிலிருந்து கணக்கிட்டாலும், முக்கால் லிட்டரைச் சற்றே தாண்டும். அதிலும் பாதி முன்பே நிரம்பியிருக்கும். சன்னலை மூடிவிட்டால் மிச்சத் தண்ணீர் எங்கே போகும்? ஒரு பகுதி துணியிலேயே தங்கி வாடையாகிறது, இன்னொரு பகுதி காற்றோட்டமில்லாத குளிர்ந்த சுவர் மூலையில் படிந்து பூஞ்சையாகிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நீ எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். மழை விடாமல் பெய்த வாரங்களில், உனக்குச் சளி பிடித்துவிடுமோ என்ற பயத்தில் சன்னல்களை இறுக்கிச் சாத்திவிட்டு, உன் துணிகளையெல்லாம் தொட்டிலுக்கு மேலேயே கொடி கட்டி உலர்த்தினேன். உன் இருமல் குறையவே இல்லை. பார்க்க வந்த மருத்துவர் மருந்து எழுதுவதற்கு முன்பே கொடியை அண்ணாந்து பார்த்தார், பிறகு அலமாரியை நகர்த்தச் சொன்னார். அதன் பின்புறச் சுவர் முழுவதும் கறுத்திருந்தது. உன்னைக் காப்பதாக எண்ணி நான் செய்த காரியம் அது. இன்று நினைத்தாலும் மனம் உறுத்துகிறது. ஆகவே அந்தக் கரும்புள்ளிகளைச் சிறிய விஷயமென்று விட்டுவிடாதே.

வாடையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2012ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள், மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்னும் பாக்டீரியா இந்த ஈரத்துணி வாடைக்கு முக்கியக் காரணம் என்று கண்டறிந்தார்கள். துணி காய்ந்த பிறகும் அது எளிதில் மடிவதில்லை. மறுபடி ஈரம் கிடைத்ததும் பெருகத் தொடங்குகிறது. துவைத்த துண்டு முகம் துடைத்தவுடனே நாறுவது இதனால்தான். அதற்குச் சலவைத் தூளைக் கூட்டிப் போடுவது தீர்வாகாது, மாறாக முழுதும் அலசப்படாத தூள் நூலில் தங்கி அழுக்கைப் பிடித்துவைக்கும். துண்டுகளையும் படுக்கை விரிப்புகளையும், அவற்றில் தைத்திருக்கும் துவைப்புக் குறிப்புச் சீட்டில் அனுமதி இருந்தால், 60 டிகிரி வெந்நீரில் துவை. துணியை மென்மையாக்கும் திரவத்தைத் துண்டுக்கு ஊற்றாதே, அது நூலின் மேல் படலமாகப் படிந்து தண்ணீரை உறிஞ்ச விடாமல் செய்யும்.

இனி ஞாயிற்றுக்கிழமைச் சலவையை மூன்றாகப் பிரித்துக்கொள். ஒரு நாள் சட்டைகளும் உள்ளாடைகளும், ஒரு நாள் கனத்த துணிகள், ஒரு நாள் துண்டுகளும் விரிப்புகளும் என்று வைத்தால், எந்த நாளிலும் கொடியில் நெரிசல் இருக்காது. சலவை முடிந்ததும், கனத்த துணிகளை மட்டும் இன்னொரு முறை பிழியும் சுழற்சியில் ஓட்டு. சில நிமிட வேலைதான், ஆனால் கொடியில் பல மணி நேரம் மிச்சமாகும். எடுத்த ஒவ்வொன்றையும் நன்றாக உதறி, இரண்டு துணிகளுக்கு நடுவே நாலு விரற்கடையாவது இடைவெளி விட்டுப் போடு. சட்டைகளை ஹேங்கரில் மாட்டு. ஜீன்ஸை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, பைகளையும் வெளியே இழுத்துவிட்டு, இடுப்புப் பட்டியில் கிளிப் போட்டுத் தொங்கவிடு. பால்கனியில் உலர்த்தும்போது கைப்பிடிச் சுவருக்கு வெளியே எதையும் தொங்கவிடாதே, கீழே ஆள் நடமாட்டம் இருக்கும்.

மழை நாளில் ஸ்டாண்டைக் குளியலறைக்குக் கொண்டுபோய், அங்குள்ள காற்றுப்போக்கி விசிறியை ஓடவிட்டு, கதவை ஒரு சாண் திறந்து வை. உள்ளே காற்று வர வழியில்லாவிட்டால் அந்த விசிறி சுற்றியும் பயனில்லை. அறையில்தான் உலர்த்த வேண்டும் என்றால், விசிறியைத் துணிகளின் பக்கம் திருப்பி, எதிரெதிர்ச் சன்னல்களைத் திற. ஏசி ஓடும் நாட்களில் அதிலுள்ள டிரை முறையைப் பயன்படுத்து, அது காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக்கி வெளியேற்றிவிடும். ஈரமானி ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டிக்கொள். அறையின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வியர்வையில் நனைந்த உடையை அப்படியே மூடிய கூடைக்குள் திணிக்காமல், நாற்காலி முதுகிலாவது போட்டு உலர்ந்த பின் கூடையில் சேர். எந்திரத்தின் கதவையும் தூள் போடும் தட்டையும் சலவை முடிந்தபின் திறந்தே வை. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் மடிப்பை விரித்துத் துடை, உன் துண்டின் வாடை அங்கிருந்தும் வரக்கூடும்.

அந்தச் சுவர் மூலையை இந்த வாரமே சுத்தம் செய்துவிடு. முகமூடியும் கையுறையும் அணிந்து, சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஈரத் துணியால் துடை. உலர்ந்த துடைப்பத்தால் தேய்த்தால் பூஞ்சை அறை முழுவதும் பறக்கும். பிளீச்சிங் திரவம் பயன்படுத்துவதாக இருந்தால், கழிவறை கழுவும் அமிலத்தையோ வினிகரையோ அதனுடன் ஒருபோதும் கலந்துவிடாதே. அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைக் கெடுக்கும். சுவர் காய்ந்ததும் கட்டிலை அங்கிருந்து ஒரு சாண் தள்ளிப் போடு. பதினைந்து நாள் கழித்து அந்த மூலையைப் படமெடுத்து எனக்கு அனுப்பு, நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா