சுரண்டிய இடத்தில் இருந்த பெயர்: போட்டி ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

சந்தையில் நியாயமான போட்டி நடக்கிறதா என்று கவனிக்கும் இந்தியப் போட்டி ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

என்னிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. பணக்காரன் புலம்பல் என்று மடலை மூடி வைத்துவிடாதீர்கள். 2008 மாடல், இரண்டே சீட், நான் மூன்றாவது ஓனர். புது இன்னோவாவைவிடக் குறைந்த விலைக்குத்தான் வாங்கினேன். இந்த மாதிரி கார்களின் விலை வருடா வருடம் சரியும். ஸ்பேர் விலை மட்டும் இறங்கவே இறங்காது. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரமா என்று வீட்டிலேயே கேட்டாகிவிட்டது.

போன வருடம் முன்பக்கம் 'டொக் டொக்' என்று சத்தம். சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் வலது லோயர் ஆர்ம் போயிருந்தது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் 78 ஆயிரம், கூலி தனி என்றார்கள். கோவையில் நான் வழக்கமாக வண்டி விடும் பட்டறை அண்ணன் வேறு வழி சொன்னார். ஆர்மைக் கார் கம்பெனி செய்வதில்லையாம். செய்து கொடுப்பவர் வேறு. அவர் தன் சொந்தப் பெட்டியில் போட்டும் விற்கிறார். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தோம். சுங்கம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 34 ஆயிரம் ஆனது. பழையதையும் புதியதையும் தரையில் சாக்கு விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அதே வார்ப்பு, அதே அச்சு எண். பழையதில் கார் கம்பெனி முத்திரை இருந்த இடத்தில், புதியதில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தேய்த்த தழும்பு.

"ஒரே மாலுதானுங்க சார். பேரை மட்டும் சுரண்டியிருக்காங்க" என்றார்.

அந்தத் தழும்பைத் தடவிப் பார்த்தேன். 44 ஆயிரம் ரூபாய்.

ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்களுக்கு இதெல்லாம் தெரிந்த கதைதான். ஆஸ்டன் மார்ட்டின் டிபி7-இன் பின்விளக்கு மாஸ்டா 323-இல் இருந்து வந்தது. லம்போர்கினி டியாப்லோவின் பிற்கால மாடல்களில் இருப்பது நிசான் 300இசட்எக்ஸின் ஹெட்லைட். பாகத்தின் பிறந்த வீடு தெரிந்தவனுக்கு ஒரு விலை, தெரியாதவனுக்கு வேறு விலை.

உங்களுக்கு இது புதிதல்ல. 2011-இல் ஒருவர் கொடுத்த புகாரில் தொடங்கி, 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டவர்கள் நீங்கள். எனக்கு அபராதத்தைவிட உத்தரவின் மற்ற பகுதிதான் பெரிதாகப் பட்டது. பாகம் செய்பவர்கள் வெளிச்சந்தையில் விற்பதைத் தடுக்கக் கூடாது. ஸ்பேரும், கோளாறு கண்டுபிடிக்கும் டயக்னாஸ்டிக் கருவியும் வெளிப் பட்டறைக்கும் கிடைக்க வேண்டும் என்றீர்கள். சிலர் மேல்முறையீட்டுக்குப் போனார்கள், சரி. ஆனால் அந்த 14-இல் பிஎம்டபிள்யூவும் மெர்சிடிஸும் இருந்தன, இங்கே வருடத்துக்குச் சில நூறு கார் விற்கும் ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனங்கள் இல்லை.

சின்னச் சந்தைதானே என்று விட்டுவிட்டால், என் மாதிரி ஆளுக்குப் போக்கிடம் கிடையாது. பழைய கார் பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டைக்கும் போய்ப் பார்த்தேன். அம்பாசடர் முதல் ஆல்டோ வரை அக்கக்காகக் கழற்றி வைத்திருக்கிறார்கள். என் காரின் ஒரு போல்ட் கூட இல்லை. கிடைத்தாலும் சில பாகங்கள் வேலை செய்யாது. இப்போதைய கார்கள் பலவற்றில், கழற்றி மாட்டிய பாகத்தைக் கம்பெனி சர்வர் ஒப்புக்கொண்டால்தான் கார் ஏற்கும். திருட்டைத் தடுக்க என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் பில்லோடு வாங்கியவனுக்கும் அதே பூட்டுதான்.

ஐரோப்பாவில் போர்ஷே, ஆடி அலாய் வீல்களின் அதே வடிவத்தில் மாற்று வீல் செய்த அகாசியா என்ற இத்தாலிய நிறுவனத்தின் விவகாரம் நீதிமன்றம் வரை போனது. பழுது பார்த்து, காரின் பழைய தோற்றத்தைத் திருப்பிக் கொண்டுவருவதற்காக அச்சு அசலாகச் செய்தால் செய்யலாம் என்று, நிபந்தனைகளோடு, 2017 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் சொன்னது.

கதவைத் திறந்தால் டூப்ளிகேட் புகுந்துவிடும் என்பார்கள். பிரேக் பேடு விஷயத்தில் எனக்கும் அந்தப் பயம் உண்டு. 200 கிலோமீட்டர் வேகம் போகிற வண்டியில் பெயர் தெரியாத பேடைப் போட எனக்குத் துணிச்சல் இல்லை. ஆனால் அசலைச் செய்தவர் யார் என்று சொல்லாமல் மறைப்பதால்தானே டூப்ளிகேட்காரன் இஷ்டத்துக்குப் பெயர் போட முடிகிறது?

அதனால் நான் கேட்பது இதுதான். கம்பெனி விற்கும் ஒவ்வொரு ஸ்பேரின் பெட்டியிலும் பில்லிலும், அதைச் செய்தவர் யார், அவருடைய பாக எண் என்ன என்று அச்சிடச் சொல்லுங்கள். விற்பது ஆயிரம் கார் ஆனாலும் பத்து கார் ஆனாலும் இது பொருந்தட்டும். பாகத்தைக் காரோடு இணைக்கும் அந்தச் சர்வர் வேலையை, கட்டணம் வாங்கிக்கொண்டு பட்டறைக்காரர்களுக்கும் திறந்துவிடச் சொல்லுங்கள். விலையைக் குறைக்கச் சொல்லி உங்களிடம் நான் கேட்கவில்லை. அது என் பாடு, பட்டறை அண்ணன் பாடு.

கொஞ்சம் சீக்கிரம் பார்த்தால் நல்லது. இப்போது இடது பக்கமும் தட்ட ஆரம்பித்திருக்கிறது.

இப்படிக்கு,
மூன்றாவது ஓனர்,
கோயம்புத்தூர்