துணைநூற்பட்டியலில் தமிழ் நூலுக்குத் தமிழ் முறை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தமிழ் ஆய்வேடுகளின் தரம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். துணைநூற்பட்டியல் தயாரிப்பதில் மாணவர்களுக்கு அக்கறையே இல்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கோபிசெட்டிபாளையத்தில் 18 ஆண்டுகளாக ஆய்வேடுகளையும் நூல்களையும் கணினியில் வடிவமைத்துக் கொடுத்து வருகிறேன். மாணவர்கள் அந்தப் பட்டியலோடு மல்லுக்கட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பவன்.

போன ஐப்பசியில் ஒரு மாணவி வந்தார். கொங்கு நாட்டுக் கல்வெட்டுகளைப் பற்றிய ஆய்வு. பட்டியலில் 200க்கும் மேற்பட்ட நூல்களும் கட்டுரைகளும் இருந்தன. பெரும்பாலானவை தமிழ், கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கைகள் ஆங்கிலம், சில கன்னடம். கங்கரும் போசளரும் ஆண்ட நிலத்தைப் பற்றி எழுதுகிறவர் கன்னடத்தை விட்டுவிட முடியாது. சத்தியமங்கலத்துக்கு மேலே திம்பம் மலை ஏறி இறங்கினால் கன்னட நாடு வந்துவிடுகிறது.

நாங்கள் லேடெக் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்கிறோம். பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தன் நூலின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப்படியின் தோற்றம் பிடிக்காமல் டொனால்டு குனூத் என்ற கணினிப் பேராசிரியர் 1977இல் வடிவமைக்கத் தொடங்கியது டெக். அதன் மேல் லெஸ்லி லேம்போர்ட் கட்டியது லேடெக். இதில் எழுத்தின் அளவையும் தடிப்பையும் கையால் மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இது ஆசிரியர் பெயர், இது தலைப்பு, இது ஆண்டு என்று குறியிட்டுக் கொடுத்தால் போதும். எது முன்னால் வர வேண்டும், எங்கே காற்புள்ளி, எங்கே முற்றுப்புள்ளி என்பதைப் பிப்லேடெக் என்ற தொகுப்பு பார்த்துக்கொள்ளும். வரிசைப்படுத்தும் வேலை பைபர் என்ற துணைநிரலுக்கு. விதியை ஒருமுறை சரியாக எழுதிவிட்டால் 200 பதிவுகளும் ஒரே சீராக வந்து நிற்கும். ஆனால் அந்த விதி ஆங்கிலத்தின் விதியாக இருந்தால் 200 பதிவுகளும் ஒரே சீராகத் தப்பாகும். முதல் அச்சுப்படியில் நடந்தது அதுதான்.

பெயரில் தொடங்கியது வினை. பெ. தூரன் 'தூரன், பெ.' என்று திரும்பி நின்றார். மோடக்குறிச்சிப் பக்கம் மஞ்சக்காட்டு வலசில் 1908இல் பிறந்து, தமிழின் முதல் கலைக்களஞ்சியத்துக்கு முதன்மை ஆசிரியராக இருந்தவர் அவர். அவர் பெயரில் 'பெ.' என்பது பெரியசாமி என்ற அவருடைய சொந்தப் பெயர். தூரன் என்பது குலப்பெயர். மேல்நாட்டு முறை அவருக்கு எப்படியோ பொருந்திவிடுகிறது. உ. வே. சாமிநாதையருக்குப் பொருந்தாது. அவருக்கு உ. ஊர், வே. தகப்பனார், சாமிநாதையர் என்பதுதான் அவர் பெயர். அங்கே குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. இருவரையும் ஒரே அச்சில் வார்த்தால் ஒருவருக்காவது அநியாயம் நடக்கும். ஒற்று மிகுவதை எந்த மேல்நாட்டு விதியும் எண்ணிப் பார்த்ததில்லை. 'பெரியசாமித் தூரன்' என்று முழுப்பெயரைக் கொடுத்தால் இயந்திரம் 'தூரன், பெரியசாமித்' என்று போடுகிறது. அந்தத் 'த்' பற்றிக்கொள்ள எதுவுமில்லாமல் அந்தரத்தில் தொங்குகிறது.

மாணவியின் சொந்தக் கட்டுரை ஒன்றும் பட்டியலில் இருந்தது. அவர் தகப்பனார் பெயர் 'செ' என்று தொடங்கும். வேறொரு செயலி முதலெழுத்துகளைச் சுருக்கி வைத்திருந்த கோப்பைத்தான் அவர் கொண்டுவந்திருந்தார். ஒருங்குறியில் (யூனிகோடில்) 'செ' என்பது ச, அதன் பின் ஒற்றைக்கொம்பு என்று இரண்டு குறியெண்கள். அந்தச் செயலி முதல் குறியெண்ணை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டது. அச்சுப்படியைப் பார்த்தவர், "ஏனுங்கண்ணா, எங்கப்பா பேரையே மாத்திப்போட்டுதுங்களே!" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. 'இரா.' என்று சுருக்க வேண்டியது 'இ.' ஆவதும் இதே வகைதான். சுருக்கம் ஓர் எழுத்தாகத்தான் இருக்கும் என்பது ஆங்கிலத்தின் பழக்கம். பிப்லேடெக்கில் ஒவ்வொரு பெயருக்கும் முதலெழுத்துச் சுருக்கத்தை நாமே தனியாக எழுதிக் கொடுக்க வழி இருக்கிறது. அப்படித்தான் திருத்தினோம், இரண்டு நாள் பிடித்தது.

பெயரை விடவும் பெரிய சிக்கல் வேற்றுமை உருபில் வந்தது. ஒரு தொகுப்பு நூலில் உள்ள கட்டுரையைக் குறிக்கும்போது ஆங்கிலத்தில் 'உள்' என்று பொருள்படும் சொல் நூலின் பெயருக்கு முன்னால் வரும். பதிப்பித்தவரைச் சொல்லும் சொல்லும் அவர் பெயருக்கு முன்னால்தான் வரும். பிப்லேடெக்கில் இந்தச் சொற்களுக்கெல்லாம் ஒரு மொழிக்கோப்பு உண்டு. நான் நிறுவியிருந்த பதிப்பில் தமிழுக்கு அப்படி ஒரு கோப்பு இல்லாததால், ஆங்கிலக் கோப்பைப் படி எடுத்துச் சொல்லுக்குச் சொல் தமிழை இட்டேன். விளைவு என்ன தெரியுமா? நூலின் பெயருக்கு முன்னால் 'இல்:' என்று ஒரு மொட்டை உருபு வந்து உட்கார்ந்தது. மெய்ப்புப் பார்க்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் அதைக் கண்டுவிட்டு, "இது வீட்டைச் சொல்லுதா, இல்லைங்கிறதைச் சொல்லுதா தம்பி?" என்று கேட்டார். அவர் சிரிக்கவில்லை, வருத்தப்பட்டார். தமிழில் உருபு சொல்லுக்குப் பின்னால்தான் ஒட்டும். சொல்லை மாற்றினால் போதாது, சொல் நிற்கும் இடத்தையே மாற்ற வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. மொழிக்கோப்பை அப்படியே வைத்துவிட்டு, வரிசையை ஆளும் நிரல்துண்டைத் திருத்தினேன். இப்போது நூலின் பெயர் முதலில் வரும். 'என்னும் தொகுப்பில்' என்பது அதன் பின் வரும். பதிப்பாசிரியர் பெயர் முதலில், '(பதி.)' அதன் பின். இரண்டு ஆசிரியர்களுக்கு நடுவே 'மற்றும்' என்று திணிப்பதையும் எடுத்துவிட்டோம். காற்புள்ளி போதும்; நம் பெரியவர்கள் அப்படித்தான் எழுதினார்கள்.

நிறுத்தற்குறிகளில் பிப்லேடெக் உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமானது. அது ஒவ்வொரு புள்ளியையும் நினைவில் வைத்திருக்கிறது. 'பக்.', 'பதி.' போன்றவற்றின் புள்ளியைச் சுருக்கப்புள்ளி என்று தெரியப்படுத்திவிட்டால், அடுத்து முற்றுப்புள்ளி வர வேண்டிய இடத்தில் இரண்டாவது புள்ளியைப் போடாது. காற்புள்ளி வர வேண்டுமானால் விட்டுக்கொடுக்கும். தரவுக்கோப்பில் கையால் புள்ளி வைத்துப் பழகியவர்களுக்குத்தான், அதை முற்றுப்புள்ளி என்று எடுத்துக்கொண்டு, அடுத்து வர வேண்டிய காற்புள்ளியை விட்டுவிடுகிறது. மேற்கோள் குறியிலும் கவனம் வேண்டும். அமெரிக்க முறையில் காற்புள்ளி மேற்கோள் குறிக்குள்ளே போய்விடும். தமிழில் அது வெளியேதான் நிற்கும். நூலின் பெயரைச் சாய்வெழுத்தில் போடும் ஆங்கில வழக்கத்தையும் தமிழ்ப் பதிவுகளுக்கு விலக்கிவிட்டோம். சாய்வுக்கென்றே வரைந்த தமிழ் எழுத்துரு கிடைப்பது அரிது. இருப்பதைச் சாய்த்தால் கொம்பும் சுழியும் கோணலாகிக் கண்ணை உறுத்துகின்றன. தடித்த எழுத்து போதும்.

இவ்வளவும் தமிழ்ப் பதிவுகளுக்கு மட்டும். அதே பட்டியலில் உள்ள ஆங்கில நூலுக்குத் தமிழ் விதியைப் போட்டால் அதுவும் தப்பு. பி. எல். ரைஸ் பதிப்பித்த கல்வெட்டுத் தொகுதிக்கு ஆங்கில முறையும் சாய்வெழுத்தும்தான் பொருத்தம். இதற்கு ஒவ்வொரு பதிவிலும் அது எந்த மொழி நூல் என்று ஒரு குறிப்பைச் சேர்க்க வேண்டும். அதோடு, பதிவுக்குப் பதிவு மொழியை மாற்றும்படி பிப்லேடெக்குக்குச் சொல்லவும் வேண்டும், சொல்லாவிட்டால் மாற்றாது. சொல் உடையும் இடத்தை மட்டும் மாற்றச் சொல்லலாம். சுருக்கச் சொற்களையும் சேர்த்து மாற்றச் சொல்லலாம். நமக்கு வேண்டியது இரண்டாவது. கன்னடத்துக்குத் தனி எழுத்துரு குறிக்காமல் விட்டால் வெறும் கட்டங்கள்தான் அச்சாகும். அப்படி ஒரு பக்கம் அச்சாகி, பைண்டிங் வரை போய்த் திரும்பியது.

அகரவரிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருங்குறி எண்வரிசையில் ழகரம் வகரத்துக்கு முன்னால் இருக்கிறது. அதை அப்படியே பின்பற்றும் நிரல் பழனியை முன்னும் பவானியை அதன் பின்னும் வைக்கும். நம் அகராதியில் பவானி முன், பழனி பின். வரிசைப்படுத்தும் மொழி தமிழ் என்று பைபருக்குத் தெரிவித்துவிடுவது நல்லது. இராமசாமியும் ராமசாமியும் இரண்டு இடத்தில் பிரிந்து கிடப்பதை எந்த நிரலாலும் சரிசெய்ய முடியாது. அங்கே ஆய்வாளர்தான் முடிவெடுத்து, வரிசைக்கென்று ஒரு பெயரைத் தனியே கொடுக்க வேண்டும்.

இத்தனையும் செய்து முடித்த பட்டியல் திரும்பி வந்தது. ஆசிரியர் பெயர் எல்லா மொழிக்கும் தலைகீழாகத்தான் இருக்க வேண்டும், நூற்பெயர் சாய்வெழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று அந்தப் பல்கலைக்கழகத்தின் வழிகாட்டிக் கையேடு சொல்கிறதாம். கையேட்டைப் புரட்டிப் பார்த்தேன். முழுக்க ஓர் ஆங்கில நடைக்கையேட்டின் மொழிபெயர்ப்பு. அதில் காட்டியிருந்த எடுத்துக்காட்டுகளில் ஒன்றுகூடத் தமிழ் நூல் இல்லை. மாணவி ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பழையபடி மாற்றினார். தன் தகப்பனார் பெயரின் எழுத்தை மட்டும் மாற்ற ஒப்புக்கொள்ளவில்லை. அது அப்படியே போயிற்று. யாரும் கேட்கவும் இல்லை. இவரைப் போன்றவர்களுக்கா அக்கறை இல்லை என்கிறீர்கள்?

கோவையிலும் சேலத்திலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஈரோடு, நாமக்கல், கரூர், திருப்பூர் மாவட்டங்களில் தமிழ்த்துறை உள்ள கல்லூரிகளுக்கும் குறைவில்லை. இவற்றின் தமிழ்த்துறையினர், நூல்களை மெய்ப்புப் பார்ப்பவர்கள், எங்களைப் போன்ற வடிவமைப்பாளர்கள் எல்லாரும் இரண்டு நாள் கூடி உட்கார்ந்தால் தமிழ் நூலுக்கான மேற்கோள் விதிகளை எழுதிவிடலாம். அந்த விதிகளை நிரலாக்கி ஒரு மொழிக்கோப்பாகவும் ஒரு நடைக்கோப்பாகவும் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வைப்பது அதன் பிறகு பெரிய வேலை இல்லை. எங்கள் கடையில் இதுவரை எழுதியதைக் கேட்பவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. 'தொகு.' என்ற சுருக்கத்தைச் சிலர் தொகுதிக்கும் சிலர் தொகுப்பாசிரியருக்கும் போடுகிறார்கள். ஒரே பதிவில் இரண்டும் வந்தால் படிப்பவர் எதை எதுவென்று கொள்வார்? தொகுதிக்கு 'தொ.' என்றும் தொகுப்பாசிரியருக்கு 'தொகு.' என்றும் இப்போதைக்கு வைத்திருக்கிறேன். மெய்ப்பு பார்க்கும் ஐயாவுக்கு அது பிடிக்கவில்லை. தொகுதிக்குச் சுருக்கமே வேண்டாம், முழுச்சொல்லாகப் போடு என்கிறார். உங்கள் இதழின் மெய்ப்பாளர்கள் எதைக் கடைப்பிடிக்கிறார்கள் என்று அடுத்த இதழில் தெரிவித்தால் கோப்பை அதற்கேற்பத் திருத்திக்கொள்வேன்.

அன்புடன்,
ஆய்வேடு வடிவமைப்பாளர் ஒருவர்,
கோபிசெட்டிபாளையம்.