சாம்பலும் எங்கள் பாடம்தான்: சென்னைக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். வடசென்னைக் கல்லூரி ஒன்றில் இளங்கலை மாணவர்களுக்குத் தமிழ் சொல்லித் தரும் கௌரவ விரிவுரையாளர் நான். குடியிருப்பது திருவொற்றியூரில். பாடத்திட்டத் திருத்தம் பற்றிப் பல கல்லூரிகளில் பேச்சு நடக்கிற நேரம் இது. தமிழ், வரலாறு, சமூகவியல் துறைகளின் குழுக்களிடம் ஒரே ஒரு கோரிக்கை வைக்கிறேன். இந்த நகரம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும், அது செலவழிக்கும் மின்சாரமும் நம் துறைகளின் பாடமாக வேண்டும். மொழி, வரலாறு, சமயம், கலை ஆகியவற்றின் வழியாகச் சூழலை ஆராய்வது உலகப் பல்கலைக்கழகங்களில் இன்று தனிப் புலமாகவே வளர்ந்திருக்கிறது. அதற்கான மூலப்பொருள் சென்னையில் கொட்டிக் கிடக்கிறது. எடுத்துப் படிக்கத்தான் ஆளில்லை.

'சுற்றுச்சூழல் கல்வி என்று ஒரு தாள் ஏற்கெனவே இருக்கிறதே' என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. 1991இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் வழியே வந்த நல்ல ஏற்பாடு அது. எந்தப் பட்டப்படிப்பு மாணவரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆனால் தேர்வில் என்ன கேட்கிறோம்? புதுப்பிக்கத்தக்க ஆற்றலையும் புதுப்பிக்க இயலாத ஆற்றலையும் வேறுபடுத்துக. மாணவர்கள் வழிகாட்டி நூலைப் பார்த்து மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார்கள். வீட்டு மொட்டை மாடியில் ஏறினால் அத்திப்பட்டின் புகைபோக்கிகள் தெரியும் மாணவிகூட, நிலக்கரியை ஒரு பட்டியலின் இரண்டாவது வரியாக எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறாள்.

அந்த நிலக்கரி வரும் வழியைச் சொன்னாலே அது வரலாற்றுப் பாடம். ஒடிசாவின் தால்சேரில் வெட்டப்படுவது ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்குப் போகிறது, அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கு வருகிறது. இன்று காமராஜர் துறைமுகம் என்று அழைக்கப்படும் துறைமுகம் 2001இல் திறக்கப்பட்டதே முதன்மையாக இந்தக் கரியை இறக்கத்தான். அருகிலேயே வடசென்னை அனல்மின் நிலையம். கொஞ்சம் தள்ளி 1,500 மெகாவாட் வல்லூர் நிலையம். இந்திய நிலக்கரியில் 30 முதல் 45 விழுக்காடு வரை சாம்பல்தான். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் செப்பாக்கம் பக்கத்துச் சாம்பல் குட்டைக்கு அனுப்புகிறார்கள். குழாய் உடையும்போதெல்லாம் அந்தக் கரைசல் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் கொட்டியிருக்கிறது. இதற்காக மீனவர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய், 2022இல் தங்களுக்குச் சாதகமான உத்தரவு பெற்றார்கள். இந்த வழக்கின் காகிதங்களை ஒரு வரலாற்று மாணவர் முதல்நிலைச் சான்றாக எடுத்துப் படித்தால் முதுகலைக்கு ஓர் ஆய்வேடே எழுதலாம்.

காகிதத்தில் வராததும் இருக்கிறது. என் மாணவர்களை ஒருமுறை காட்டுக்குப்பம் பக்கம் ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனேன். இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடி ஓர் இருளர் பெண் கைகளால் தரையைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். பனையோலையில் முடைந்த பறி என்ற சிறு கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்திருந்தார். இரண்டு கைகளும் நீருக்கடியில் ஒன்றையொன்று நோக்கி மெல்ல நகரும், சட்டென்று மூடும், ஓர் இறால் பறிக்குள் விழும். பல்லில் கயிறு இருப்பதால் வேலை முடியும்வரை பேச முடியாது. கரையேறி உட்கார்ந்த பிறகுதான் பேசினார்.

"சேறா இருந்தா எறா அதுல பூந்து பதுங்கும் டீச்சர். கைக்கு மாட்டும். இப்போ அடியில பூரா சாம்பலு. மாவு மாதிரி வழுக்கினு பூடுது. அதுல எறா எங்க தங்கும்? தண்ணி வேற சில நாளு சுடுது. கையி காலெல்லாம் அரிப்பு."

மின்நிலையத்தில் இயந்திரங்களைக் குளிர்வித்துவிட்டு வெளியே விடும் நீரின் சூட்டைத்தான் அவர் சொல்கிறார். வெப்பநிலையை அளக்கக் கருவி இருக்கிறது. ஆனால் அந்த ஆற்றின் தரை முன்பு கைக்கு எப்படி இருந்தது, எந்த இடத்தில் எவ்வளவு ஆழத்துக்குச் சேறு இருந்தது என்பதை அவரும் அவரைப் போன்றவர்களும் மட்டுமே அறிவார்கள். ஆற்றைச் சரிசெய்யப் போகிறவர்கள் எந்த நிலைக்குச் சரிசெய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ள இந்த அறிவு வேண்டாமா? அதைக் கேட்டு, பேச்சு வழக்கு கெடாமல் எழுதி, காலவரிசைப்படுத்தி வைப்பது மொழியும் வரலாறும் படித்தவர்களின் வேலை. அந்தப் பயிற்சியை நாம்தான் தருகிறோம். எண்ணூர்ப் பக்கம் மட்டும் அதைக் கொண்டுபோவதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. அதையும் அதே நேர்மையோடு பதிவு செய்ய வேண்டும் என்பதால்தான் இது கலைப் பிரிவுத் துறைகளிடம் வர வேண்டும் என்கிறேன். மாணவர்களிடம் வீட்டில் உள்ள மூத்த பெண்களைப் பேட்டி எடுத்துவரச் சொன்னேன். கேட்கச் சொன்னது ஒன்றுதான்: வீட்டுக்குக் கரண்ட் வந்ததும் முதலில் எது மாறியது? பெரும்பாலானவர்கள் விளக்கைச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தார்கள் பிள்ளைகள். வந்த பதில்களில் திரும்பத் திரும்ப வந்தது ஆட்டுக்கல். விடியற்காலையில் எழுந்து இட்லிக்கு அரைத்த தோள்வலி, ரேஷன் கடையில் கிருஷ்ணாயிலுக்கு நின்ற வரிசை, பம்பு ஸ்டவ் வெடிக்குமோ என்ற பயம். 2011இல் அரசு விலையில்லாமல் தந்த கிரைண்டர் வீட்டுக்கு வந்த நாளை ஒரு பாட்டி, மகளுக்குக் கல்யாணம் நடந்த நாளைச் சொல்வது போலத் தேதியோடு சொல்லியிருந்தார்.

அந்தப் பாட்டியின் தோளை இறக்கிவைத்த மின்சாரமும் இருளர் பெண்ணின் ஆற்றைச் சாம்பலாக்கிய மின்சாரமும் ஒரே கம்பியில் வந்தவை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்கக் கூடாது. மின்சாரம் வேண்டாம் என்று எண்ணூரில்கூட யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 'எங்கள் பக்கம் மட்டும் ஏன்' என்றுதான் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குப் பொறியியல் பாடத்தில் இடமில்லை. நீதி, சாதி, நிலம், பெண்களின் உழைப்பு எல்லாம் பின்னிக்கிடக்கிற கேள்வி அது.

நகரத்தின் நீண்ட கதையும் இருக்கிறது. 1895இல் மெட்ராஸில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. 1953இல் நின்றது. ஏன் நின்றது, அதன்பின் நாம் எப்படிப் பெட்ரோலைச் சார்ந்தோம் என்று ஒரு பருவம் முழுக்கப் படிக்கலாம். அதற்கும் முன்பு 1842இல் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸில், அமெரிக்காவின் உறைந்த ஏரிகளில் வெட்டிக் கப்பலில் கொண்டுவந்த பனிக்கட்டியைச் சேமித்தார்கள். வெயிலைத் தணிக்கக் கடல் கடந்து குளிர்ச்சியை வாங்கிய ஊர் இது. 2024 கோடையில் தமிழ்நாட்டின் மின்தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியபோது, அதில் ஏசிக்குப் பெரும் பங்கு இருந்தது. இந்த இரண்டு செய்திகளுக்கு இடையே உள்ள காலத்தை எந்தத் துறை எழுதும்? போகி அன்று எரிப்பதைப் பற்றியும் சேர்த்தே பேச வேண்டும். 2018 போகியன்று புகையால் சென்னை விமானங்கள் தடைபட்டன. சடங்கைக் குறை சொல்லாமல், வீட்டில் எரிக்கும் பொருள் எப்படி மாறியது என்று கேட்டாலே மாணவர்கள் தாமாகப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். தென்சென்னையில் சில பகுதிகளில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. அதே வெள்ளம் மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெயை அடித்துக்கொண்டு போய் எண்ணூர் முகத்துவாரத்தில் சேர்த்தது. படகு, வலை, அலையாத்திச் செடிகளின் வேர் எல்லாம் கறுப்பாயின. மீனவர்கள் குவளையாலும் பக்கெட்டாலும் அந்த எண்ணெயை மொண்டு எடுத்தார்கள். அடுத்த வாரம் வகுப்பில் இரு பக்க மாணவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். வேளச்சேரி உறவினர் வீட்டில் மாட்டிக்கொண்டவளும், அப்பாவின் வலையைத் தூக்கிப் போட வேண்டியிருந்தவனும். ஒருவர் கதை மற்றவருக்குத் தெரியாது. இரண்டையும் எழுதி வாசிக்கச் சொன்னபோது வகுப்பு மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

தமிழ்த் துறைக்கு இது புதிதே இல்லை. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று நிலத்தையும் தொழிலையும் மனத்தையும் சேர்த்துப் பார்க்கும் திணை முறை நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. கடலும் கடல் சார்ந்த நிலமுமான நெய்தலைப் பாடமாக நடத்துகிறோம், புன்னையையும் கண்டலையும் உப்பளத்தையும் விளக்குகிறோம். அந்த நெய்தல் கல்லூரியிலிருந்து ஒரே பஸ்ஸில் போகும் தூரத்தில் இருக்கிறது. இன்றைய எண்ணூரின் கருப்பொருள் அட்டவணையை எழுதிவரச் சொன்னேன். மரம் என்ற இடத்தில் அலையாத்தி இருந்தது. தொழில் என்ற இடத்தில் ஒரு மாணவன் 'உப்பு விளைத்தல்' என்று எழுதி அடித்துவிட்டு, 'ஒப்பந்தத் தொழிலாளி, கரி இறக்குதல்' என்று எழுதியிருந்தான். அவன் தாத்தா உப்பளத்தில் வேலை செய்தவர். நான் பத்து வகுப்பில் நடத்தியதைவிட அதிகமாக அந்த ஒரு வரியில் திணைக் கோட்பாட்டைப் புரிந்துகொண்டிருந்தான்.

அவசரத்துக்கும் காரணம் இருக்கிறது. 1970இல் இயங்கத் தொடங்கிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. தொடக்க காலத்தில் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். கொதிகலன் அறையின் சூடு, இரவுப் பணி, குவார்ட்டர்ஸ் வாழ்க்கை, தங்கள் வேலையால்தான் நகரம் ஒளிர்கிறது என்ற பெருமை எல்லாம் அவர்களோடு போய்விடும். 2050க்குள் கார்பன் சமநிலை எட்டுவதாக மாநகராட்சியின் 2023 காலநிலைச் செயல்திட்டம் சொல்கிறது. நல்ல இலக்கு. அப்படியென்றால் இன்னும் பல நிலையங்கள் மூடப்படும், சமையல் மாறும், பிழைப்பு மாறும். ஒரு நிலையம் மூடப்பட்டபோது மனிதர்களுக்கு என்ன ஆயிற்று என்ற பதிவுகூட இல்லாமல் அடுத்ததை எப்படி மூடுவது?

ஆகவே நான் கேட்பது இது. எரிசக்தியும் பண்பாடும் என்ற விருப்பப் பாடத்தைத் தமிழ்வழியில் தொடங்குங்கள். மதிப்பெண்ணில் பாதியாவது களப்பதிவுக்கு இருக்கட்டும். புவியியல், மின்னியல் துறை ஆசிரியர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்கள் இல்லாமல் நாங்கள் தவறாக எழுதிவிடுவோம். ஒலிப்பதிவுகள் பேசியவர்களின் ஒப்புதலோடு கல்லூரி நூலகத்தில் காக்கப்பட வேண்டும், ஒரு பிரதி அவர்கள் ஊரிலும் இருக்க வேண்டும். மீனவர்களையும் ஓய்வுபெற்ற மின்வாரியத் தொழிலாளர்களையும் வகுப்புக்கு அழைக்கும்போது, வெளியூர்ப் பேராசிரியருக்குத் தரும் அதே மதிப்பூதியத்தைத் தாருங்கள். வகுப்புக்கு வரும் நாளில் அந்த இருளர் பெண்ணுக்கு அன்றைய இறால் பாடு போய்விடுகிறது. பொன்னாடையும் நினைவுப் பரிசும் அந்த நாள் உலையை ஏற்றாது.

ஐந்து அலகுகள் கொண்ட மாதிரிப் பாடத்திட்டம் ஒன்றைத் தயாரித்து வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்துக்கொண்டால், என் சொந்தச் செலவில் நகலெடுத்து ஒவ்வொரு உறுப்பினருக்கும் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
தமிழ் கௌரவ விரிவுரையாளர் ஒருவர்,
திருவொற்றியூர், சென்னை